ஒரு கோலுக்கு ஒரு சனிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான ஒரு கோடைகால உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் நடந்தது இது. அன்றைக்கு நான் ஒரு பந்தயத்தில் வென்றேன். வென்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் கேட்டு முடிக்கும்போது நீங்கள் எனக்குக் கைதட்ட மாட்டீர்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தோற்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு நான்தான் தலைவி. கரம் விளையாட்டானாலும் சரி, கோயில் மடப்பள்ளியில் நாலு பெண்களோடு இருந்து தேங்காய் துருவுவதானாலும் சரி, பக்கத்தில் இருப்பவரை முந்தாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரு சொல் நோர்வேஜிய மொழி தெரியாமல் வந்து இறங்கிய என்னை இரண்டு வருடத்தில் வேலைக்குப் போகவைத்தது இந்தக் குணம்தான். இப்போதும் அது என்னோடுதான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சனியும் ஞாயிறும் வேலை. என் கணவருக்கு நாட்டின் வடக்கு நுனியில், ஹம்மர்பெஸ்ட்டில் வேலை. அவரும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வீட்டுக்கு வருவார். இரண்டு மூன்றும் எப்படிப் பொருந்தின என்று நினைக்கிறீர்கள்? அவர் வருகிற அதே வாரக்கடைசியில்தான் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை மாலையில் மனுஷன் அம்மருட்டில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார், சனிக்கிழமை விடிய நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிலக்கீழ் ரயிலுக்கு ஓடுவேன். அட்டவணையை மாற்றித் தரும்படி பொறுப்பாளரிடம் இரண்டு முறை கேட்டேன். ஒருவருடையதை மாற்றினால் எல்லாருடையதும் குழம்பும் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். யாராவது தானாக விரும்பி என் சனிக்கிழமையை எடுத்துச் செய்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். யார்தான் விரும்பி எடுப்பார்கள்?

என்னோடு அதே மாடியில் வேலை செய்பவர் மட்டக்களப்பு அக்கா ஒருவர். ஊரில் பதினொரு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். இங்கே அவரும் என்னைப்போல உதவியாளர்தான். ஒரு வயோதிபரின் நாடியைத் தொட்டுப் பார்த்தே, இவருக்கு இன்றைக்கு ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார், சொன்னது சரியாகவும் இருக்கும். ஆனால் மருந்துப் பெட்டியின் திறப்பைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. இங்கே தாதியாக வேலை செய்ய வேண்டுமானால் முதலில் நோர்வேஜிய மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கேட்டல் பகுதியில் கோட்டை விட்டிருந்தார். மூன்றாவது தேர்வு பெப்ரவரியில் வரவிருந்தது. அதற்காகச் செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் வகுப்பு, காசு கட்டிச் சேர்ந்திருந்தார். அவருக்கும் மூன்றில் ஒரு சனிக்கிழமை வேலை. மிச்சம் இருந்த இரண்டையும் யார் என்ன கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். பிறகு வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பந்தயம் என்ற பேச்சு வந்தது மதிய இடைவேளையில். எங்கள் சமையலறையில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தம்பி வேலை செய்கிறார். படிக்கிற காலத்தில் கிரிக்கெட்டில் பந்தயம் கட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட கதையை அன்றைக்குச் சொன்னார். அவர் கட்டியது, யார் வெல்வார் என்ற சாதாரணப் பந்தயம் அல்ல. எவ்வளவு வித்தியாசத்தில் வெல்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். வித்தியாசம் கூடக்கூட வென்றவருக்குக் கிடைப்பதும் கூடிக்கொண்டே போகும். தோற்றவர் இழப்பதும் அப்படியே கூடும்.

"ரெண்டு பக்கமும் வெட்டும் அக்கா, அதான் மேட்டர். எங்க போய் நிக்கும்னே தெரியாது" என்றார். அதோடு தான் அந்தப் பக்கமே போவதில்லை என்றும் சொன்னார்.

அந்தப் பிள்ளை எச்சரிக்கையாகச் சொன்னது என் காதில் நல்ல யோசனையாக விழுந்தது. பாருங்கள் என் புத்தியை! அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்போட்டி. பத்து வயதுப் பிரிவில் என் மகள் விளையாடும் அணிக்கு நான்தான் பொறுப்பு. பிள்ளைகளைச் சேர்ப்பது, தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவது, யாரை இறக்குவது யாரை எடுப்பது என்று தீர்மானிப்பது எல்லாம் நான். எங்கள் அணியில் பதினொரு பிள்ளைகள், வருடம் முழுக்கப் பயிற்சி. அன்றைக்கு எங்களோடு மோதவிருந்தது அக்காவின் மகள் விளையாடும் அணி. நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து புதிதாகத் தொடங்கிய சின்னக் கழகம். ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு அவர்களிடம் சரியாக ஏழே ஏழு பிள்ளைகள். அக்காவின் மகள்தான் கோல் காப்பாளர். பந்துப் பையைத் தூக்கவாவது உங்களிடம் ஆள் இருக்கிறதா என்று அந்தக் கிழமை முழுவதும் நான் அக்காவைச் சீண்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாங்களும் ஒண்டு கட்டுவமோ?" என்றேன். "காசு வேண்டாம். ஒரு கோல் வித்தியாசத்துக்கு ஒரு சனிக்கிழமை. நாங்கள் மூண்டு கோலாலை வெண்டால் நீங்கள் என்ரை மூண்டு சனி செய்யோணும். நீங்கள் வெண்டால் நான் உங்கடையைச் செய்வன்."

அக்கா தேநீரைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். நான் சீண்டியது அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். மட்டக்களப்பு ஆட்கள் விருந்துக்குப் பேர்போனவர்கள், ரோசத்துக்கும் குறைவில்லை. வாய்க்கு வாய் 'கா' போட்டுப் பேசுவார், அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்.

"சரி கா. ஆனா ஒரு எல்ல வெப்பம். மூண்டுக்கு மேல போகப்படா."

"எல்லை வைச்சால் அது பந்தயமே அக்கா? பயமெண்டால் விடுங்கோ."

அந்தப் 'பயம்' என்ற சொல்தான் வேலையைச் செய்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கோயம்புத்தூர்த் தம்பி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அன்று மாலையே கணவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறைந்தது ஐந்து சனிக்கிழமை உறுதி, கிறிஸ்மஸ் வரைக்கும் நாம் ஒன்றாக இருக்கலாம் என்று பெருமையடித்தேன். அக்கா எல்லை கேட்டதையும் சொல்லிச் சிரித்தேன். பக்கத்து நாற்காலியில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகளை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஒஸ்லோவில் ஓகஸ்ட் வெயிலை நம்ப முடியாது, ஆனால் அன்றைக்கு அசல் வெயில். மைதானத்தின் ஓரத்தில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் ஓயாமல் கார் இலக்கங்களை வாசித்து, குறுக்கே நிற்கும் காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பெரியவர்களின் ஆட்டத்துக்குப் பலகையில் கோல் எண்ணிக்கை போடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு இல்லை. இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டில் வென்றவர் தோற்றவர் என்று எழுதிவைக்கும் வழக்கம் இல்லை, கடைசியில் எல்லாருக்கும் ஒரே பதக்கம்தான். எங்கள் கழகங்களும் அதையே பின்பற்றுகின்றன. எனக்கு அது எப்போதும் சிரிப்பாகத்தான் இருந்தது. பலகையில் இல்லாவிட்டால் என்ன, என் கையில் பத்து விரல் இருந்தது.

முதல் பாதியிலேயே நாலு கோல். அதில் இரண்டு என் மகள் போட்டது. சும்மா சொல்லக்கூடாது, என் பிள்ளைகள் அன்றைக்கு அழகாக விளையாடினார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பந்தைக் கண்டதும் ஆறு பேரும் ஒரே இடத்துக்கு ஓடினார்கள். கோல் வாசலில் அக்காவின் மகள், அவளுடைய கைக்குப் பெரிய கையுறைகளோடு, தனியாக நின்றாள்.

நாலாவது கோல் விழுந்ததும் நடுவர் என்னிடம் வந்தார். இங்கே பிறந்து வளர்ந்த ஒரு இளம் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பவர். இந்த நாட்டுச் சிறுவர் உதைபந்தாட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு அணி நாலு கோலால் முன்னுக்குப் போய்விட்டால், பின்தங்கிய அணி ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கலாம். இடைவெளி மூன்றாகக் குறைந்ததும் அந்த ஆள் வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் அந்த அணியிடம் இறக்குவதற்கு எட்டாவது பிள்ளை இல்லையே. இப்படி நேரத்தில் மற்ற அணி தன் பிள்ளையொன்றைக் கடன் கொடுப்பது இங்கே சாதாரணமாக நடப்பதுதான். நடுவர் அதைத்தான் கேட்டார். அன்ரி, உங்கடை பக்கம் நாலு பேர் சும்மா இருக்கினம், ஒரு ஆளை அங்கை விடலாமோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

நான் மாட்டேன் என்றேன். அவர்கள் தங்கள் ஆளை இறக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது, எங்கள் ஆளைக் கொடுக்கச் சொல்லவில்லை என்று சட்டம் பேசினேன். அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி அன்ரி என்று விசிலை வாயில் வைத்தார். எதிர்ப்பக்கக் கோட்டருகே அக்கா நின்றிருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் கையாட்டிய விதம் தெரிந்திருக்கும்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஐந்து. ஆறு. என் மகளுக்கு மூச்சு வாங்கியது, அவளை வெளியே எடுத்து வேறு பிள்ளையை இறக்கினேன். கோட்டருகே நின்று, விடாதேங்கோ, இன்னும் போடுங்கோ, இன்னும் போடுங்கோ என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன், காணும் அக்கா, சின்னப் பிள்ளையள்தானே என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஏழாவது கோல் அக்காவின் மகளுடைய கால்களுக்கு இடையால் போனது. அவள் பந்தை எடுக்கப் போகவில்லை. கையுறையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

நான் ஏழாவது விரலை மடக்கினேன். செப்டெம்பரில் ஒன்று, ஒக்டோபரில் இரண்டு, நவம்பரில் ஒன்று என்று மனதுக்குள் என் சனிக்கிழமைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் கையைப் பார்த்துக்கொண்டு என் மகள் நின்றாள். மடக்கிய விரல்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு இன்னும் எத்தினை சனி வேணும்?"

கோபமாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டும் கேட்கவில்லை. கடையில் எத்தனை பாண் வாங்க வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் மடக்கிய விரல்களை அவசரமாக விரித்தேன். அவள் பயிற்சிக்கு வைத்திருந்த மஞ்சள் மேலங்கி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து எங்கள் சிவப்புச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டாள். மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அந்த எட்டாவது ஆளை இறக்க எனக்குச் சம்மதமா என்று தூரத்தில் நின்று கைச்சாடையால் கேட்டார். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது வெட்கம் அல்ல, கோபம். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை என் சனிக்கிழமையைப் பறிக்கப் போகிறாளே என்ற கோபம். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல என்னாலும் முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு ஆட்டம். என் மகள் முதலில் தானே ஒரு கோல் போட்டாள். அதன் பிறகு அவள் போடவேயில்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, எங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் போய், அங்கே சும்மா நிற்கும் ஒரு பிள்ளையின் காலுக்கு உருட்டிவிட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் பரந்து நிற்பது என்றால் என்னவென்று விளங்கியது. இரண்டு, மூன்று. நாலாவது கோலைப் போட்டது ஒரு குட்டிப் பையன், ஆட்டம் முழுக்கக் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவன். மைதானமே ஆர்ப்பரித்தது. எங்கள் பக்கத்துப் பெற்றோரும் கைதட்டினார்கள். அக்காவின் மகள் கோல் வாசலை விட்டு நடு மைதானம் வரைக்கும் ஓடிவந்து துள்ளினாள்.

ஏழுக்கு நாலு. இடைவெளி மூன்றானதும் விதிப்படி நடுவர் என் மகளை வெளியே அழைத்தார். அவள் மஞ்சள் மேலங்கியைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். சில நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. பதக்கம் வாங்கும்போது அவளும் அக்காவின் மகளும் ஒன்றாக நின்று ஐஸ்கிறீம் குடித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அம்மருட் வரும்வரைக்கும் நான் கணக்கைத்தான் யோசித்தேன். மூன்று. அக்கா கேட்ட எல்லை. நான் பயமா என்று கேட்டுச் சிரித்த அதே மூன்று. என் மகள் அதை நினைத்து விளையாடினாளோ, விதிதான் அங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ, இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை. ஆனால் இறங்குவதற்கு முந்தின நிலையத்தில் என் கோபம் இறங்கிவிட்டது. அது இறங்கியதும் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே இடத்தில் என் பிள்ளை நின்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? மைதானத்தையே இரண்டாக்கியிருப்பேன்.

அடுத்த நாள் வேலையில் அக்காவைத் தேடிப் போய், பந்தயத்தை விட்டுவிடுவோம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் அது சண்டைபோடுகிற குரலில்தான் வந்திருக்கும். அக்கா போர்வைகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நான் வெண்டிருந்தா நீ செஞ்சிரிப்பாய்தானே?"

"ஓம்."

"அப்ப நானும் செய்வன் கா. எந்தச் சனி எண்டு எழுதித் தா."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கை கொடுத்துக் கட்டிய பந்தயத்திலிருந்து பாவம் பார்த்து விடுவித்தால் அது ஏழு கோலைவிடப் பெரிய அவமானம் என்பது அவருடைய கணக்கு. அது எனக்கு விளங்கியது. விளங்காமல் என்ன, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பொறுப்பாளரிடம் போய்த் தானே பெயரை மாற்றி எழுதுவித்துவிட்டு வந்தார்.

முதல் சனிக்கிழமை வந்தது. கணவர் வீட்டில். ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து கொண்டுவந்த மீனில் அவரே குழம்பு வைத்தார். நான் எத்தனையோ மாதமாக ஆசைப்பட்ட சனிக்கிழமை அது. மூன்று பேரும் மேசையில் இருந்தோம். மகள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இப்ப அவளின்ரை அம்மாவுக்கு வகுப்பு முடியிற நேரமெல்லோ என்று மட்டும் கேட்டாள். என் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. கணவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பெட்டியொன்றில் குழம்பைப் போட்டுக் கட்டி, கொண்டுபோய்க் குடுத்திட்டு வா என்றார். போனேன். அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு உப்புக் கொஞ்சம் கூட என்றும் சொன்னார். அதைக் கேட்கத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் மூன்றாவது சனிக்கிழமையும் போனபிறகு, ஒக்டோபர் கடைசியில், இடைவேளை அறையில் அவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு தனியாக இருந்ததைக் கண்டேன். வகுப்பில் வைத்த மாதிரித் தேர்வு. கேட்டல் பகுதியில் சிவப்புக் கோடுகள். அந்தப் பகுதிக்கான பயிற்சியை ஆசிரியர் நடத்திய நாட்களில் தான் போகவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். எந்த நாட்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இதிலும் கோட்டை விட்டால் இனி எழுதப்போவதில்லை, உதவியாளராகவே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றார். நாடி பிடித்துப் பார்க்கும் அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இடைவேளையிலும் கேட்டுப் பழகட்டும் என்று அவரோடு நோர்வேஜிய மொழியில் மட்டும் கதைத்தேன். ஆனால் அது போதாது. எனக்கு அவருடைய சனிக்கிழமைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தானமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார். பந்தயத்தில் போனது பந்தயத்தில்தான் திரும்ப வேண்டும். அதாவது நான் தோற்க வேண்டும், அதுவும் நல்ல வித்தியாசத்தில். பிறந்ததிலிருந்து வெல்வதற்கு மட்டும் வழி தேடியவளுக்கு இது புதிய வேலை.

வழி டிசெம்பர் தொடக்கத்தில் தானாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் முதியோர்கள் எல்லாரும் பெரிய அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். பனிச்சறுக்கு ஓட்டம். அன்றைக்கு ஓடிய தூரத்தில் அந்தப் பருவத்தில் நோர்வேக்காரர் ஒருவரை யாராலும் கிட்ட நெருங்க முடியவில்லை. அது எனக்கும் தெரியும், அறையில் இருந்த தொண்ணூறு வயதுப் பாட்டிமார்களுக்கும் தெரியும். நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"அக்கா, இண்டைக்கு நோர்வே தோக்கும். சுவீடன்காரன்தான் வெல்லுவான். பத்துச் செக்கனுக்கு ஒரு சனிக்கிழமை, கட்டுவமோ?"

அக்கா கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல நின்றேன், ஆனால் காது இரண்டும் சுட்டது.

"நீ எப்ப கா பனிச்சறுக்குப் பாக்கத் தொடங்கினாய்?"

"நான் எல்லாம் பாக்கிறனான். பயமெண்டால் விடுங்கோ."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது எனக்கும் விளங்கியது. பிறகு, ஓகஸ்டில் நீட்டிய அதே கையை நீட்டினார்.

"சரி, கட்டுறன். ஆனா இந்த முற எல்ல இரிக்கு. மூண்டுக்கு மேல எனக்கு வேணாம்."

நான் அந்தக் கையைப் பிடித்தேன். எனக்குக் கண் கலங்கியது, ஒளிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் நான் போட்ட சத்தத்தை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோர்வேயின் முதியோர் இல்லத்தில் நின்று சுவீடன்காரனுக்காகக் கைதட்டிக் கத்திய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பாட்டிமார்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். ஒருவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, பாவம், உனக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றார். நோர்வேக்காரர் சுவீடன்காரனை ஐம்பது செக்கனுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். எல்லை இல்லாவிட்டால் எனக்கு ஐந்து சனிக்கிழமை போயிருக்கும். அக்கா மூன்றைத்தான் எடுத்தார். தேர்வு வரைக்கும் அவருடைய வேலைச் சனிக்கிழமைகள் மூன்றையும் நான் செய்தேன், அவர் ஒரு வகுப்புக்கூட விடவில்லை. நான் வீட்டில் இருந்த சனிக்கிழமைகளில் அவருடைய மகள் எங்கள் வீட்டில் என் மகளோடு பந்து உதைத்தாள். பனிக்காலமாதலால் வீட்டுக்குள்ளேதான் உதைத்தார்கள், ஒரு விளக்கு உடைந்தது.

அக்கா தேர்வில் தேறினார். அதற்குப் பிறகும் வேறு படிப்பு, வேறு பத்திரம் என்று இழுத்தது, ஆனால் சென்ற வருடத்திலிருந்து அவர் எங்கள் மாடியில் தாதி. மருந்துப் பெட்டியின் திறப்பு இப்போது அவருடைய கழுத்தில் தொங்குகிறது. சனிக்கிழமைகளில் நான் பிந்தி வந்தால் ஏசுகிறார், நானும் திருப்பிக் கொடுக்கிறேன்.

நான் இப்போதும் அந்தப் பிள்ளைகளின் அணிக்குப் பொறுப்பாகத்தான் இருக்கிறேன், இப்போதும் வெல்லத்தான் பார்க்கிறேன், அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் விளையாட்டிலானாலும் வீட்டிலானாலும் நாலு கோல் முன்னுக்குப் போய்விட்டேன் என்று தெரிந்தால் விரல் மடக்குவதை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறேன். அங்கே இறங்குவதற்கு ஆள் இல்லையென்றால், மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு போக வேண்டியது நான்தான்.